நெருங்கிய உறவினர் கவனத்திற்கு

பெங்களூர் பொம்மசந்திராவில் வால்வு செய்யும் அந்த ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் அறை வாசலில், செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு தொங்கும். அதை மதித்து நடந்த ஒரே ஆள் தனக்கோடிதான். மேனேஜர்கள் ஷூவோடு வருவார்கள். எம்.டி. மழை நாளில் சேற்றோடு வருவார். அந்தச் சேற்றைத் துடைக்கிற தனக்கோடி மட்டும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாளியையும் சத்தம் வராமல் இறக்கி வைப்பாள். அந்த வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் செருப்போடு உள்ளே வந்து நின்றதைப் பார்த்ததுமே, உள்ளே உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"சார், எம்புள்ள லெட்டரு உங்க மிசின்லதான் கீதாம்," என்றாள்.

அவள் பிள்ளை சுனில் செத்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2002இல், துபாய்க்குப் போனவன். அது துபாய் கூட இல்லை. அங்கிருந்து ஒரு நாள் முழுக்க லாரியில் போக வேண்டிய வேறொரு தேசத்துப் பாலைவனம். ஆனால் தனக்கோடி குடியிருந்த ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்குக் கடல் தாண்டிய மணலெல்லாம் துபாய்தான். குழாய் பதிக்கிற கம்பெனியில் வெல்டர் வேலை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, வெட்டிய குழியின் ஓரம் சரிந்து மண்ணோடு மண்ணாக உள்ளே போய்விட்டான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜெயராமன், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், மறுநாள் தனக்கோடியின் பக்கத்து வீட்டு மொபைலுக்குப் போன் போட்டு அழுதான். பாடியை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், கம்பெனியிலிருந்து ஒரு பேப்பர் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அந்தப் பேப்பரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான்.

அன்றிலிருந்து தனக்கோடி அந்தப் பேப்பருக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஹரிச்சந்திரா காட் மயானத்தில் அவன் அப்பனுக்குப் பக்கத்தில் அவனை வைக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை. மயானத்தில் குழி வெட்டுகிறவனிடம் போய், பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டும் வந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேப்பர் வருவதாக இருந்தால் அது அவள் வீட்டுக்கு வராது, இந்த ஃபேக்டரிக்குத்தான் வரும்.

அது எப்படி என்றால், ஃபேக்டரியில் மேசை இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் மெயில் ஐடி. மிஷினோடு நிற்கிறவர்களுக்கும் துடைப்பம் பிடிக்கிறவர்களுக்கும் கிடையாது. ஆனால் கடல் தாண்டிய சொந்தக்காரர்கள் என்னவோ அவர்களுக்குத்தான் அதிகம். அதனால் யாரும் உத்தரவு போடாமலே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எல்லோரும் ரிசப்ஷன் ஐடியைக் கொடுத்துவிடுவார்கள். ரிசப்ஷனில் இருக்கும் டோரீன் வந்ததை பிரிண்ட் எடுத்து, மடித்து, மேலே பெயர் எழுதி, வருகை போடும் டைம் ஆபீஸ் ஜன்னலில் செருகி வைப்பாள். யாரோ ஒரு ஃபிட்டரின் மச்சானுக்கு வந்த விசா, யாருக்கோ பிறந்த பேத்தியின் கறுப்பு வெள்ளைப் படம், எல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன. சுனில் கிளம்பும்போது ஏஜென்ட் நீட்டிய படிவத்தில், நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் அம்மா பெயரை எழுதி, எதிரில் இந்த ஐடியையும் தெரு முனைக் கடையின் போன் நம்பரையும் எழுதினான். போன் நம்பருக்கு அப்போது ஏழு இலக்கம். அவன் போன கொஞ்ச நாளில் பெங்களூர் நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு ரெண்டு வந்து ஒட்டிக்கொண்டது, அந்த நம்பர் செத்தது. சிவாஜிநகரில் இருந்த ஏஜென்டும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். கடைசியில் மிச்சம் இருந்தது அந்த மெயில் ஐடி ஒன்றுதான்.

தினமும் காலையில் வேனை விட்டு இறங்கியதும் தனக்கோடி நேராக ரிசப்ஷனுக்குத்தான் போவாள். "பேப்பரு வந்துச்சாம்மா?" என்பாள். டோரீன் மெயில் பெட்டியை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இன்னும் இல்லக்கா" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி டோரீனுக்கே காலையில் ஆபீசுக்கு வரப் பயமாகிவிட்டது.

"நேத்து ஜெயராமன் போன் போட்டான் சார்," என்றாள் தனக்கோடி. "அவன வேற சைட்டுக்கு மாத்திட்டாங்களாம், இப்பதான் போன் கெடச்சுதாம். கம்பெனி கிளார்க்கப் புடிச்சிக் கேட்டானாம். நாங்க வூட்டுக்கு மெயில்ல எழுதுனோம், ரெண்டு மூணு வாட்டி எழுதுனோம், பதிலே இல்லன்னு சொன்னாங்களாம். எங்கிட்ட கேக்கறான் சார், அக்கா, வேணாம்னு வுட்டுட்டீங்களாங்கறான்."

ஆம்ப்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

ஆம்ப்ரோஸ்தான் அந்த ஃபேக்டரியின் சிஸ்டம் ஆள். முப்பத்திரண்டு வயது, டிப்ளமா படிப்பு, ஃப்ரேசர் டவுனிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறவன். கெட்டிக்காரன், நல்லவனும்தான்; ஆனால் நல்லவன் என்ற பெயரை வாங்கிவிட்டு அதற்கு மேல் மெனக்கெடாத ரகம். டோரீன் பார்த்தும் இல்லாத மெயில் எங்கே போயிருக்க முடியும் என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு இடம்தான் உண்டு. அந்த இடத்தைக் கட்டியவனே அவன்தான்.

போன வருஷம் ஏப்ரலில் நடந்த கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அக்கவுண்ட்ஸில் சேஷகிரி என்று ஒரு பெரியவர். அவருக்கு வெளிநாட்டு வக்கீல் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. உங்கள் குலப்பெயர் கொண்ட ஒரு கனவான் விமான விபத்தில் மறைந்துவிட்டார், உரிமை கோர யாரும் இல்லை, நீங்கள்தான் நெருங்கிய உறவினர், உடனே பாஸ்போர்ட் நகல் அனுப்பவும் என்று. சேஷகிரி அதை நம்பினார். நம்பியது மட்டுமல்ல, ரொம்ப காலத்துக்கு முன்னால் பம்பாயில் காணாமல் போன தன் பெரியப்பா மகன்தான் அவர் என்று முடிவே கட்டிவிட்டார். வீட்டில் எல்லோரையும் தலைக்கு முழுகச் சொல்லி, தீட்டு காத்து, லீவு லெட்டரில் 'தாயாதி மரணம்' என்று எழுதி மூன்று நாள் வரவில்லை. திரும்பி வந்து பாஸ்போர்ட் நகலை அனுப்புவதற்கு ஸ்கேனர் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. கான்டீனில் ஒரு மாதம் அதே பேச்சு. முகம் தெரியாத மோசடிக்காரன் உண்டாக்கிய பிணத்துக்காக ஒரு குடும்பமே முழுகியதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

எம்.டி. மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் இந்த மாதிரி ஒரு மெயில் உள்ளே வந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்று ஆம்ப்ரோசிடம் சொல்லிவிட்டார். ஆம்ப்ரோஸ் ஒரு ஸ்பாம் ஃபில்டரை நிறுவினான். வருகிற ஒவ்வொரு மெயிலையும் அது வாசலில் நிறுத்தி, வாசித்து, சந்தேகத்துக்கு மார்க் போடும். ஐந்து மார்க் தாண்டினால் தனிப் பெட்டியில் பூட்டி வைக்கும். ஏழு நாள் கழித்து அந்தப் பெட்டி தானாகக் காலியாகும். பத்து தாண்டினால் பெட்டி கூடக் கிடையாது, நேரே குப்பை. எந்தச் சொல்லுக்கு எத்தனை மார்க் என்பதை ஆம்ப்ரோஸே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினான். சேஷகிரிக்கு வந்த மெயிலை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினான். மறைந்த, இரண்டு. நெருங்கிய உறவினர், மூன்றரை. உரிமை கோரப்படாத, மூன்று. அவசரம், ஒன்றரை. பாஸ்போர்ட் நகல், இரண்டு. அனுப்பும் சரக்கு, ஒன்றரை. மறுவாரமே மோசடி மெயில்கள் சுத்தமாக நின்றுவிட்டன. எம்.டி. முதுகில் தட்டினார், ஆம்ப்ரோசுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அவன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். ஃபில்டர் தன் நடவடிக்கைகளையெல்லாம் ஒரு பதிவில் எழுதி வைக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் அனுப்பியது, யாருக்கு, என்ன தலைப்பு, என்ன மார்க், கடைசியில் என்ன செய்தது. மெயிலுக்கு ஒரு வரி. நாலு வாரத்துக்கு வைத்திருக்கும். அதில் சுனில் என்ற பெயரைத் தேடச் சொன்னான். இதற்குள் தனக்கோடியைத் தேடிக்கொண்டு டோரீனும் ரிசப்ஷனை விட்டுவிட்டு வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

நாலு வரி வந்தது.

முதல் வரி ஆகஸ்ட் மூன்றாம் தேதி. சுனில் செத்து இரண்டே நாளில் எழுதிவிட்டார்கள். தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில்: மறைந்த சுனில், நெருங்கிய உறவினர் கவனத்திற்கு, அவசரம். மார்க் பதினொன்றரை. குப்பை.

இரண்டாவது வரி ஒன்பதாம் தேதி. உடலை அனுப்புவது குறித்து இரண்டாம் கடிதம். மார்க் எட்டு. பெட்டியில் பூட்டியது. பதினாறாம் தேதி பெட்டியோடு அழிந்தது என்ற குறிப்பும் அதே வரியின் கடைசியில் இருந்தது.

மூன்றாவது வரி பதினெட்டாம் தேதி. இறுதி நினைவூட்டல், உரிமை கோரப்படாத உடல், உடனே பதில் தேவை. மார்க் பதினாலு. அந்த ஃபில்டர் வைத்த நாளிலிருந்து அதற்கு மேல் மார்க் வாங்கிய மெயில் பத்துக் கூட இருக்காது.

எந்த மோசடிக்காரனும் இவ்வளவு கச்சிதமாக அவன் வலையில் வந்து விழுந்ததில்லை. மோசடிக்காரன் பொய்யாக எழுதுவதையெல்லாம் அந்தக் கம்பெனிக் கிளார்க் நிஜமாக எழுதியிருந்தான். ஆள் நிஜமாகவே மறைந்திருந்தான். நெருங்கிய உறவினரை நிஜமாகவே தேடினார்கள். சேஷகிரி வீட்டில் தீட்டு காத்த பொய்ப் பிணத்தைத் தடுக்க எழுதிய விதி, நிஜப் பிணத்தை மூன்று தடவை வாசலிலேயே நிறுத்தியிருந்தது.

"ரெண்டாவது பெட்டியில இருந்துச்சே, அத எடுக்க முடியாதா?" என்று டோரீன் மெதுவாகக் கேட்டாள்.

"ஏழு நாள்தான். போயிடுச்சு."

"பேக்கப்?"

"அந்தப் பெட்டிய பேக்கப்ல சேக்கல. இடம் வேஸ்ட்டுன்னு நான்தான் எடுத்துட்டேன்."

டோரீன் திரையில் அந்தத் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதை எண்ணுகிறாள் என்று ஆம்ப்ரோசுக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதி, கான்டீன் வரிசையில் நிற்கும்போது அவள் அவனிடம் கேட்டாள்: "ஆம்ப்ரோஸ், தனக்கோடி அக்கா மெயில் உன் ஃபில்டர்ல எங்கயாவது மாட்டியிருக்கா பாரு மேன், ப்ளீஸ்." அவன் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "மாட்டியிருந்தா தெரியும், அங்க ஆபீஸெல்லாம் ஸ்லோ" என்றான். பார்க்கவில்லை. பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அன்றைக்கு இரண்டாவது கடிதம் பெட்டியில் பத்திரமாக இருந்தது, பதினாறாம் தேதி வரை இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தனக்கோடி காலையில் ரிசப்ஷனில் பேப்பர் வந்ததா என்று கேட்டுவிட்டு, இந்த அறைக்கு வந்து, ஈரத் துணியைப் பிழிந்து, அந்தக் கடிதம் கிடந்த சர்வரின் மேல் படிந்த தூசியைத் துடைத்தாள். ஆம்ப்ரோசுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனால் நாலாவது வரி ஒன்று இருந்ததே. அது முந்தாநாள், இருபத்துநாலாம் தேதி வந்தது. மார்க் ஐந்தே முக்கால்தான். பெட்டியில் இன்னும் இருக்கிறது. இறுதி நினைவூட்டலுக்கு அப்புறமும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்றால் இன்னும் காத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவனுக்கு மூச்சு வந்தது.

"அக்கா, ஒண்ணு இருக்கு, முந்தாநாள் வந்தது," என்று கத்தியே விட்டான்.

தனக்கோடி இரண்டு கையையும் கூப்பி, சாமியைப் பார்ப்பதுபோல மானிட்டரைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் கடிதத்தைத் திறந்தான்.

அவசரம் என்ற சொல் அதில் இல்லை. பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்ற வரியும் இல்லை. உடனே பதில் போடு என்று எங்கேயும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாததால்தான் மார்க் குறைந்திருந்தது. எங்களுடைய மூன்று கடிதங்களுக்கும் குடும்பத்தாரிடமிருந்து பதில் வராத காரணத்தால், மறைந்த சுனிலின் உடல் இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான இடத்தில் உரிய அனுமதியோடு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய துணிமணிப் பெட்டியை அனுப்ப வேண்டிய முகவரியைத் தெரிவிக்கவும். ஆழ்ந்த அனுதாபங்கள். அவ்வளவுதான். கீழே ஒரு கிளார்க்கின் பெயர்.

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, டோரீனின் முகத்தைப் படிக்கத் தனக்கோடிக்குத் தெரியும்.

"இன்னா போட்டுக்கீது?" என்றாள்.

ஆம்ப்ரோஸ் கடிதத்தை இன்னொரு தடவை படித்தான். சொல்லாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று ஒரு நொடி தேடினான், இல்லை. எழுந்து நின்றான்.

"அடக்கம் பண்ணிட்டாங்கக்கா. அங்கேயே."

"எப்ப?"

"திங்கக்கெழம."

தனக்கோடி அந்தத் திங்கட்கிழமையை நினைவுக்குக் கொண்டுவருகிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள். "திங்கக்கெழம நான் இங்கதான இருந்தேன்," என்றாள். "கான்டீன் ஜன்னலெல்லாம் தொடைக்கச் சொன்னாங்க. தொடச்சேனே. காலீல கூடக் கேட்டேனேம்மா, வந்துச்சான்னு."

டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள். தனக்கோடி அந்தப் பிடியில் மரத்துப்போய் நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஆம்ப்ரோசுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மிசினு தப்புப் பண்ணிடுச்சா சார்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மிஷினுக்கு வலிக்காது, அவளுக்கும் அது போதும். அவளே அந்த வழியைத் திறந்துவிட்டாள். ஆனால் அப்படியே நழுவிவிட அவனால் முடியவில்லை.

"மிஷின் இல்லக்கா. எந்த லெட்டர உள்ள வுடணும், எதத் தூக்கிப் போடணும்னு நான்தான் எழுதி வெச்சேன். அது எழுதுனபடிதான் செஞ்சுது."

"அப்பிடித் தூக்கிப் போடறதுக்கு அதுல இன்னா சார் தப்பா எழுதியிருந்தாங்க?"

"தப்பா இல்லக்கா." அவன் திரையைக் காட்டினான். "செத்துட்டாருன்னு எழுதியிருந்தாங்க. சொந்தக்காரங்க யாரு, சீக்கிரம் பதில் போடுங்கன்னு கேட்டிருந்தாங்க."

"அது நெசந்தான சார்?"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டினால் தேவலை. அவளோ நியாயமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் தேதி கான்டீனில் நடந்ததை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். வரவில்லை. டோரீன் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினி வாட்டி எழுதுனாங்க?"

"நாலு வாட்டி. அடக்கம் பண்றதுக்கு முன்ன மூணு."

"மூணு வாட்டி கேட்டும் ஒருத்தரும் பேசல." தனக்கோடி தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "நாதியத்தவன்னு நெனச்சிருப்பாங்க இல்ல? இவனுக்கு யாரும் கெடயாது, இந்தப் பொணம் யாருக்கும் வேணாம், போட்டு மூடுன்னு. அப்பிடிப் போட்டுத்தான மூடியிருப்பாங்க."

அங்கேதான் அவள் உடைந்தாள். பிள்ளை செத்தான் என்று கேட்டபோது தெருவே கூடி நிற்க வாய்விட்டு அழுதாளாம். இது வேறு அழுகை. செருப்புக் காலோடு தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, வெளியே ஆபீஸ்காரர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு அழுதாள். பெற்ற பிள்ளைக்காக அழுவதற்கும் அவளுக்கு அந்த இடத்தில் பர்மிஷன் வேண்டியிருந்தது என்று நினைக்க ஆம்ப்ரோசுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஏ.சி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கதவைத் தட்டினார்கள், டோரீன் போய், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனக்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், எடுத்து அனுப்புவாங்களா?"

"என்னக்கா?"

"தோண்டி எடுத்து. மூணு நாள்தான ஆவுது."

ஆம்ப்ரோஸ் டோரீனைப் பார்த்தான், டோரீன் சுவரைப் பார்த்தாள். முடியாது என்று இருவருக்கும் தெரியும். தனக்கோடிக்கும் தெரிந்திருக்கும்.

"கேட்டுப் பாக்கலாங்க்கா," என்றான்.

"கேளுங்க. கெடைக்காட்டிப் போவுது. ஆனா இத எழுதுங்க. அவனுக்கு அம்மா கீறா. தங்கச்சி ஒருத்தி கீறா. நாங்க வேணாம்னு சொல்லல. எங்களுக்கு லெட்டரு வரல. வந்திருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்போம். அவன் நாதியத்தவன் இல்ல. இத எழுதுங்க சார். பொட்டியெல்லாம் அப்பறம். அவன பொதச்ச எடத்துல ஏதாவது எழுதி வெச்சிருந்தா, அம்மா பேரையும் சேத்து எழுதச் சொல்லுங்க."

அவன் உட்கார்ந்து அடித்தான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம்தான். தங்கள் கடிதம் கிடைத்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதிப் பழக்கம் இல்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அடித்துவிட்டு, கூசிப்போய் அழித்தான். டோரீன் பின்னாலிருந்து வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். தனக்கோடி ஒவ்வொரு வரிக்கும், இப்போது என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். அவன் தமிழில் சொன்னான். அம்மா இருக்கிறாள் என்ற வரியை அவள் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். கடைசியில் அவள் பெயரை அடித்தான். தனக்கோடி, சுனிலின் தாய். அனுப்பும் பட்டனை அழுத்தினான்.

பழக்கதோஷத்தில் கை தானாகப் பதிவைத் திறந்தது. மெயில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா? கொஞ்ச நேரத்தில் புது வரி ஒன்று வந்து விழுந்தது. அனுப்பப்பட்டது, எதிர்ப்புற சர்வர் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டது என்றால் என்ன அர்த்தம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? மோசடி மெயிலைத் திருப்பி அனுப்பினால் அந்த அயோக்கியனுக்கு இங்கே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று, மரியாதையாக வாங்கிக்கொண்டு சத்தம் காட்டாமல் குப்பையில் போடும்படி அவன்தான் ஃபில்டரைப் பழக்கியிருந்தான். அந்தக் கிளார்க்கின் மூன்று கடிதங்களையும் அது அப்படித்தான் மரியாதையாக வாங்கிக்கொண்டது. அங்கேயும் ஒரு சிஸ்டம் ஆள் இருந்திருப்பான். பதில் வராதபோது அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அவனும் பதிவைத் திறந்து இதே வரியை அவர்களுக்குக் காட்டியிருப்பான். கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு வரியை நம்பித்தான் சுனிலை மண்ணுக்குள் இறக்கினார்கள்.

"போய்ச் சேந்துச்சா சார்?" என்று தனக்கோடி கேட்டாள்.

ஆம்ப்ரோஸ் அந்த வரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சேந்துடுச்சுக்கா," என்றான்.